மகளுக்கு, முன் ஷாக்கின் காற்றைப் பற்றி

"அன்ரி, உங்கட மகளுக்கு என்னில ஏன் இவ்வளவு கோவம்?"

உன்னைக் கட்டுவதாக இருந்தவன் போன சித்திரையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. லண்டனில், செவன் கிங்ஸ் வீட்டுக் குசினியில் பருப்பை அவியப் போட்டுவிட்டு நிற்கிறேன், கனடாவிலிருந்து அழைப்பு. குரலில் ஒரு கலக்கமும் இல்லை. காய்ச்சல் எத்தனை நாளாக என்று விசாரிக்கும் வைத்தியரைப் போல அவ்வளவு நிதானமாகக் கேட்டான். நான் முப்பத்திரண்டு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவள். கேள்வி கேட்ட எந்தப் பிள்ளையையும் பதில் சொல்லாமல் அனுப்பியதில்லை. அன்றைக்கு மட்டும், "தெரியாது தம்பி, அடுப்பில பருப்புக் கிடக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். அவனுடைய தாய் ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு, "பெட்டைக்குக் கோவம் கூட, அதாலதான் கலியாணம் குழம்பினது" என்று காணுகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறார். அவரும் வாசிக்கட்டும். உன்னிடம் கேட்டேன். "அவற்ற பேரை மட்டும் போடாதேங்கோ அம்மா" என்றாய். போடமாட்டேன். ஒருவனைக் காட்டிக்கொடுக்கப் பெயர்தான் வேண்டும் என்றில்லை.

பனி வண்டியைக் கண்ணால் காணாதவர்களும் இதை வாசிப்பார்கள். அதனால் வகுப்பில் செய்வதுபோல அடியிலிருந்து தொடங்குகிறேன். தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலிக்காதே. நீ இருப்பது கனடாவின் மேற்குப் பக்கத்தில் ஒரு சின்ன மலை ஊர். கிழமை நாளில் மருந்தாளர். சனி ஞாயிறில் ஸ்னோமொபைலில் மலை ஏறுகிறவள். ஒரு மோட்டார் சைக்கிளின் சில்லுகளைக் கழற்றிவிட்டு, பின்னால் நீண்ட ரப்பர்ப் பட்டியும் முன்னால் பனியில் சறுக்கும் இரண்டு ஸ்கீப் பலகையும் பூட்டினால் எப்படி இருக்கும், அதுதான் அந்த வண்டி. முன் பலகை ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஷாக் அப்சோர்பர் இருக்கும். அது எதற்கு என்று உன் அப்பா கேட்டபோது, முழங்காலை மடக்காமல் மாடிப்படியில் இரண்டு படி இறங்கிப் பார்க்கச் சொன்னேன். முதல் படியிலேயே, "ஐயோ, பல்லெல்லாம் அதிருது" என்றார். ஸ்கீப் பலகையின் முழங்கால்தான் அந்த ஷாக். அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கோ காற்றோ வண்டியின் பாரத்தைத் தாங்கும். எண்ணெய், விழுகிற அடியை மெல்ல மெல்லத் தின்னும். எண்ணெய் போய்விட்டால் அந்த அடியை வண்டியில் இருப்பவள்தான் தின்ன வேண்டும்.

முந்தின வருடம் கார்த்திகையில் உன் பிறந்தநாள் வந்தது. உனக்கும் அவனுக்கும் ஒரே வண்டி, ஒரே வருடத்துத் தயாரிப்பு. முன் ஷாக் இரண்டையும் மாற்றித் திறமானதாகப் பூட்டித் தருவதுதான் தன்னுடைய பரிசு என்று சொல்லி உன் வண்டியைக் கொண்டுபோனான். பளபளக்கும் கறுப்பு ஷாக்கோடு கொண்டுவந்து நிறுத்தினான். அதே கிழமை தன்னுடைய வண்டிக்கும் புதியது பூட்டினான். எனக்கு வீடியோவில் காட்டினீர்கள். "அன்ரி, பிள்ளை இனிப் பஞ்சு மெத்தையில போறமாதிரிப் போவா" என்றான். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "தம்பி, என்ர பிள்ளைக்கு முழங்கால் வாங்கிக் குடுத்த மனிசன் நீங்கள்." அதோடு விடவில்லை. கோயிலில் சொன்னேன், கலியாண வீடுகளில் சொன்னேன், முடி வெட்டப் போன இடத்தில்கூடச் சொன்னேன். என் முதலாவது பிழை அது. கண்ணால் கண்டதை நம்பாதே, அளந்து பார் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னவள், பெயின்றின் மினுக்கத்தைப் பார்த்து மயங்கினேன்.

மாசியில் நீ விழுந்தாய். பெரிய பள்ளம்கூட இல்லை. ஒரு பனி மேட்டிலிருந்து இறங்கும்போது இடது முன்பக்கம் அப்படியே அமுங்கிப்போய், எழும்பாமல், வண்டி உன்னை முன்னால் தூக்கி எறிந்தது. காறை எலும்பு முறிந்தது. நீ பனிக்குள் கிடக்க, உங்கள் பனி வண்டிக் கிளப் ஆட்களுக்கு முன்னால் அவன் ஆங்கிலத்தில் சொன்னதை மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாய். "நான் அப்பவே சொன்னனான், பொம்பிளையளுக்கு உந்த மலை சரிவராது எண்டு. படம் எடுக்க ஏறி இருக்கலாம், அவ்வளவுதான்." எல்லோரும் சிரித்தார்களாம். நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். "நானும் சிரிச்சனான் அம்மா. சிரிக்காட்டி, பாத்தியே கோவக்காரி எண்டு சொல்லுவினம்" என்றாய். எலும்பு ஆறு கிழமையில் பொருந்தியது. அந்த வசனத்தை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை.

பங்குனியில் கையைத் துணியில் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். நம்முடைய சூட்கேசுகள் காணாத சாமான் இல்லை. மிளகாய்த்தூள், ஒடியல், அம்மிக்கல்கூட வந்திருக்கிறது. ஆனால் துவாயில் சுற்றிய இரண்டு ஷாக்கைக் கண்டது அதுவே முதல் முறை. உன்னோடு வேலை செய்யும் பெண் கழற்றித் தந்தாளாம். அங்கே இருக்கிற ஒரே பட்டறை அவனுடைய கூட்டாளியுடையது. அங்கே காட்ட உனக்கு மனம் வரவில்லை. "விழுந்தது என்ர பிழை எண்டால் எனக்குத் தெரிய வேணும் அம்மா. இல்லாட்டியும் தெரிய வேணும்" என்றாய். விமான நிலையத்தில் இதற்குள் அழுத்தி அடைத்த வாயு இருக்கிறதா என்று கேட்டார்களாம், நீயும் பயந்து பயந்து ஓம் என்றாயாம். பிறகு திறந்தபோதுதான் தெரிந்தது, இருந்தால்தானே.

திறந்தது வால்தம்ஸ்டோவில், ரயில் பாலத்துக்குக் கீழே மோட்டார் சைக்கிள் ஷாக் பழுது பார்க்கும் நேசன். பனி வண்டி ஷாக்கைப் பார்த்ததும், "அன்ரி, செவன் கிங்ஸில உவ்வளவு பனியோ?" என்று பகிடி விட்டான். ஒன்றை இடுக்கியில் இறுக்கித் திறந்தபோது பகிடி நின்றுவிட்டது. வாயு இல்லை. எண்ணெய் பாதிகூட இல்லை. இருந்ததும் கருவாட்டுக் குழம்பு மாதிரி. சீல் கிழிந்திருந்தது. "இது புதுசில்லை அன்ரி. ஓடித் தேஞ்சதுக்கு மேல பெயின்ற் அடிச்சிருக்கு. பாவம், உங்கட மருமகனை ஆரோ கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று சொல்லிக்கொண்டே, துணியைத் தின்னரில் தோய்த்து மேல்பக்கத்தைத் துடைத்தான். கறுப்பு கரைந்து வந்தது. அதற்கு அடியிலிருந்து மூன்று வெள்ளைப் புள்ளிகள் வந்தன, பக்கத்தில் பக்கத்தில், விரல் நகம் அளவில்.

உன்னைக் கட்ட இருந்தவன் நம் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தபோது மறந்துவிட்டுப் போன சார்ஜரில் அதே மூன்று புள்ளி இருந்தது. பலரோடு ஒரே வீட்டில் இருந்து படித்த காலத்தில் சாமான் களவு போகாமல் இருக்கத் தொடங்கிய பழக்கம் என்று அவனே பெருமையாகச் சொன்னான்: ஹெல்மெட்டில், பனி அள்ளும் மண்வெட்டியில், தண்ணீர்ப் போத்தலில், தன்னுடையது எதுவோ அதில் மூன்று புள்ளி. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஷாக்கைப் பார்த்தாய். கடைக்காரன் யாரும் ஏமாற்றவில்லை. தன் வண்டிக்குப் புதியதைப் பூட்டிவிட்டு, கழற்றி எறியவேண்டிய தன்னுடைய பழையதைப் பெயின்ற் அடித்து உன் பிறந்தநாளுக்குத் தந்திருக்கிறான். உன்னுடையதை, அவனுடையதைவிட நன்றாக இருந்ததை, என்ன செய்தான் என்று இன்றைக்கும் தெரியாது. விழுந்த அன்று உன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, ஏன் விழுந்தாய் என்று தெரிந்த ஒரே ஆள் அவன். நேசன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரேடியோவை நிற்பாட்டினான். நீ, "அம்மா, வீட்டை போவம்" என்றாய். பஸ் இல்ஃபோர்ட் வந்ததும், "நான் அதுக்கு நன்றி சொன்னனான். இரண்டு தரம்" என்றாய்.

அவன் போட்ட நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருப்பி அனுப்பும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நேசனிடம் இரண்டு ஷாக்கையும் வாங்கி, மிச்சக் கறுப்பையும் சுரண்டி, புள்ளிகள் பளிச்சென்று தெரியும்படி துடைத்து, மோதிரப் பெட்டியை அவற்றின் நடுவில் வைத்துக் கட்டினேன். அப்பா கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "என்னப்பா, சீதனத்தைத் திருப்பி அனுப்புறீரோ?" என்றார். கடிதம் ஒன்றும் வைக்கவில்லை. அந்தப் பொதி போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள்தான் அவன் எனக்கு அழைப்பு எடுத்து, உங்கட மகளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டது. புள்ளியைக் கண்ட பிறகும் கேட்டான் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை. பிழை செய்கிறவர்களை எனக்குத் தெரியும். பரீட்சையில் பார்த்தெழுதி அகப்பட்ட பிள்ளைகள்கூடத் தலையைக் குனிவார்கள். இவன் தாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஏன் ரீச்சர் புள்ளி குறைத்தீர்கள் என்கிறான்.

இனி என்னுடைய இரண்டாவது பிழைக்கு வருகிறேன். இதை அச்சில் போடுவதுதான் எனக்குக் கூச்சம். அவனைப் பற்றி எழுதியதெல்லாம் இலகுவாக வந்தது.

உனக்குப் புது ஷாக் எடுப்பது என்று முடிவானது. நேசன் தேடிப்பிடித்தது நல்ல சோடி: ஸ்பிரிங் இல்லை, காற்று ஷாக், பாரம் குறைவு, கைப்பம்பால் காற்றை ஏற்றி இறக்கி ஆளுக்கு ஏற்றபடி வைக்கலாம். பூட்டுவது பாதி வேலைதான், எவ்வளவு காற்று வைப்பது என்பதுதான் மற்றப் பாதி என்று அவன் எனக்கு விளக்கினான். சட்டை நல்ல துணியாக இருந்தால் காணாது, உடம்புக்கு அளவாகவும் இருக்க வேண்டும், அதுபோல. உன்னுடைய நிறையைக் கேட்டான். ஹெல்மெட், சப்பாத்து, மண்வெட்டி, முதுகுப் பை எல்லாம் சேர்த்துச் சொல்லச் சொன்னான். சொன்னேன். ஒரு எண் சொன்னான். நான் தாளை எடுத்தேன். வீட்டுச் சூட்டில் அடைத்த காற்று மலைக் குளிரில் அழுத்தம் குறையும்; அது பத்தாம் வகுப்புப் பாடம்; அதற்காகக் கொஞ்சம் கூட்டினேன். அது சரி. பிறகு, மேட்டிலிருந்து விழுந்தால் இனி ஒருநாளும் ஷாக் முழுவதும் அமுங்கி அடி தட்டக்கூடாது என்று அதற்கு மேலும் கூட்டினேன்.

"அன்ரி, உது கூடிப்போச்சு. பிள்ளை மெல்லிசு. கல்லு மாதிரி நிக்கும்."

"நிக்கட்டும் தம்பி. அமுங்கினதாலதானே விழுந்தவள்."

"அமுங்கினதால இல்லை, எண்ணெய் இல்லாததால. அமுங்கத்தான் அன்ரி ஷாக் இருக்கு."

"நான் பிசிக்ஸ் ரீச்சர், தெரியுமோ?"

"தெரியும். எங்கட அக்காவுக்கும் நீங்கள்தான் படிப்பிச்சனீங்கள். அவவும் உங்களோட கதைச்சு வெண்டதில்லை" என்று சொல்லிவிட்டு அவன் தன் வேலையைப் பார்க்கப் போனான். விமானத்தில் கொண்டுபோகக் காற்றை இறக்க வேண்டும் என்பதால், அங்கே போய் நிரப்பவேண்டிய அளவை நானே ஒட்டுத்தாளில் எழுதி இரண்டு ஷாக்கிலும் ஒட்டினேன். என் கையெழுத்தில், என் எண். நீ கேள்வி கேட்கவில்லை. அம்மா கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து நான்தானே உன்னைப் பழக்கினேன்.

மார்கழியில் முதல் பனிக்கு நீ அதே எண்ணில் நிரப்பிக்கொண்டு ஏறியிருக்கிறாய். எனக்கு நீ சொல்லவில்லை. அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறாய், அப்பாவுக்கு இரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. தைப்பொங்கலன்று, வாயில் பொங்கலோடு, "பிள்ளை சரிவில சறுக்கிப் போய் மரத்துக்கு ஒரு முழம் இருக்கேக்கை நிண்டதாம்" என்றார்.

"எப்ப? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் எழுதி ஒட்டின காத்தாலதானாம். நீர் மனம் நோவீர் எண்டு சொல்ல வேண்டாம் எண்டவள்."

அடுத்த நாளே நேசனிடம் போனேன். நான் ஒன்றும் சொல்ல முதல், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டான். "நான் அப்பவே சொன்னனான்" என்று அவன் சொல்லவில்லை. அந்த வசனத்தைச் சொல்லாமல் விட்ட ஒருவனை என் வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன். ஒரு மோட்டார் சைக்கிளைக் காட்டி விளக்கினான். மலைச் சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டியை மேட்டுப் பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்; அப்போது மேட்டுப் பக்க ஷாக் அமுங்கிக் கொடுத்தால்தான் வண்டியின் ஓரம் பனியைக் கடித்துப் பிடிக்கும். அமுங்காவிட்டால், அந்தப் பக்கப் பலகை வண்டியை நெம்பி நிமிர்த்திவிடும். நிமிர்ந்த வண்டி சரிவில் நிற்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே போகும். உனக்கு நடந்தது அதுதான். பிறந்தநாளுக்கு அவன் தந்த கெட்ட ஷாக் உன் எலும்பை முறித்தது. நான் தந்த நல்ல ஷாக் உன்னை மரத்தடிக்குக் கொண்டுபோனது. கணக்கில் எழுத்துப்பிழை இல்லை. பல தடவை போட்டுப் பார்த்தேன். அந்தத் தாளில் குளிருக்கு எவ்வளவு கூட்டினேன் என்று இருக்கிறது. மற்றதை எதற்குக் கூட்டினேன் என்று எழுதவில்லை. அவனுக்கு முன்னால் என் பிள்ளை ஒரு அங்குலமும் பணியக்கூடாது என்பதற்காகக் கூட்டினேன். பணிவதும் அமுங்குவதும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் பிள்ளை.

இப்போது மாசிக் கடைசிச் சனிக்கிழமை உங்கள் கிளப்பின் மலையேற்றப் போட்டி வருகிறது. அவன் பெயர் கொடுத்திருக்கிறான்; நீயும் கொடுத்திருக்கிறாய். இருவருக்கும் ஒரே சரிவு. போகாதே என்று சொல்லச் சொல்லி அப்பா என்னை நெருக்குகிறார். "விடும், கடவுள் பாப்பார்" என்கிறார். கடவுள் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் பார்க்க வேண்டும் என்கிறேன். தாய்மார் இப்படிப்பட்ட இடத்தில் மன்னித்துவிடு, மறந்துவிடு என்று எழுதுவது வழக்கம். எனக்கு அது வராது. எனக்கு வேண்டியது என்னவென்று நேராகச் சொல்கிறேன்: நீ அவனைத் தாண்டி மேலே போக வேண்டும். உன் வண்டியின் பட்டி அள்ளி எறிகிற பனி அவனுடைய ஹெல்மெட் கண்ணாடியில் விழ வேண்டும். அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆனால் நீ கீழே திரும்பி வரவும் வேண்டும், முழு உடம்போடு. இரண்டில் ஒன்றைத்தான் தரலாம் என்றால், அவன் வெல்லட்டும். நான் இன்னொரு வருடம் பொறுப்பேன். எனக்குப் பொறுக்கத் தெரியும். அது எப்படி வந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை.

லண்டனில் நான் முதன்முதலில் வேலைக்குப் போன பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பகுதிக்குத் தலைவராக ஒருவர் இருந்தார். மாணவர்களுக்கு முன்னால் என் ஆங்கில உச்சரிப்பைத் திரும்பச் சொல்லிக் காட்டுவார். ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில் அதைச் செய்தபோது, நான் அந்த இடத்திலேயே எழும்பிவிட்டேன். நியாயம் முழுவதும் என் பக்கம். ஆனால் சொல் சொல்லோடு முட்டுகிறது, கண்ணீர் வேறு. அவர் எல்லோரையும் பார்த்துப் புன்சிரிப்போடு, "இவருக்கு யாராவது ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுங்கள்" என்றார். அத்தோடு நான் கோபக்காரி, அவர் கனவான். பிறகு ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை. மறுவருடம் பள்ளிப் பரிசோதகர்கள் வந்து எங்களோடு பின் வாங்குப் பலகையில் இருக்க, அவர் மின்சுற்றுப் பாடம் நடத்தினார். மின்குமிழ் எரியவில்லை. ஆளியைப் போடுகிறார், எடுக்கிறார், வயரை ஆட்டுகிறார், காது சிவக்கிறது. இரண்டு மின்கலத்தில் ஒன்று தலைகீழாக இருப்பது எனக்கு வந்ததுமே தெரியும். நான் அசையவில்லை. அவர் தானாகவே என் பக்கம் திரும்பி, கொஞ்சம் உதவ முடியுமா என்று கேட்கும்வரை இருந்தேன். எழும்பிப் போய், ஒரு விரலால் மின்கலத்தைத் திருப்பிப் போட்டேன். வெளிச்சம் வந்தது. நன்றி என்றார். "ஒரு கிளாஸ் தண்ணீர் வேண்டுமா, சேர்?" என்று கேட்டேன், அதே உச்சரிப்பில். பின் வாங்கில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். பழி வாங்குவது கசப்பான வேலை என்று சொல்கிறவர்கள் அதைச் சரியாகச் செய்து பார்க்காதவர்கள். எனக்கு அது இன்றைக்கும் இனிக்கிறது.

நேசனிடம் கதிரையில் இருந்தபோது இந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். அவன் சிரித்து முடித்துவிட்டு, "அன்ரி, காத்தைப் பற்றியே சண்டை பிடிச்சம், திருகைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லவேயில்லை" என்றான். ஷாக்குக்கு வேலை இரண்டாம். அடியை உள்ளே வாங்குவது ஒன்று. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது மற்றது. காற்று, வாங்குகிற பக்கத்துக்கு. திருப்பிக் கொடுக்கிற வேகத்துக்கு ஷாக்கின் கீழ் நுனியில் ஒரு சின்னச் சிவப்புத் திருகு இருக்கிறது. அது தளர்ந்திருந்தால், அமுங்கிய முன்பக்கம் உடனே துள்ளி எழும்பும். பலகை பனியை விட்டுக் கிளம்பும். திருப்ப நினைத்த இடத்தில் வண்டி திரும்பாது. கூடுதலாக இறுக்கினால், அடுத்த அடி வருமுன் எழும்பவே நேரம் இருக்காது. அடிமேல் அடி விழுந்து முன்பக்கம் தாழ்ந்துகொண்டே போகும். "திருப்பிக் குடுக்கத்தான் வேணும் அன்ரி. தன்ர நேரத்தில குடுக்க வேணும்" என்றான். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். படிப்பிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவன் தவறிப்போய்ப் பட்டறையில் இருக்கிறான்.

ஆகவே என் ஒட்டுத்தாளை இரண்டு பக்கத்திலும் உரித்து எறி. காற்றை நேசன் முதலில் சொன்ன எண்ணுக்கு இறக்கு; குளிருக்குக் கூட்டியதை மட்டும் விட்டுவை. இரண்டு எண்ணும் உனக்குத் தெரியும். இங்கே எழுதினால் ஹவுன்ஸ்லோவிலும் வாசிப்பார்கள். சனிக்கிழமைக்கு முதல் உன்னோடு வேலை செய்யும் அந்தப் பெண்ணோடு, மார்கழியில் சறுக்கிய அதே சரிவில் ஒருதரம் குறுக்காகப் போய்ப் பார்த்துவிட்டு, ஓடுவதா விடுவதா என்று நீயே முடிவெடு. என்னைக் கேட்காதே, நான் நடுநிலையான ஆள் இல்லை. ஆனால் அதற்கும் முதல், நாளைக் காலையில் ஒன்று செய்து பார். வண்டியை வெளியே எடுத்துக் குளிரில் ஒரு மணித்தியாலம் விடு. பிறகு முன்னால் நின்று, முன் பம்பரில் இரண்டு கையையும் வைத்து, உன் முழுப் பாரத்தையும் போட்டு அமத்தி, கையை எடு. துள்ளி எழும்பி ஆடினால், இரண்டு பக்கத்துச் சிவப்புத் திருகையும் டிக்கென்று கேட்கும் ஒவ்வொரு சொடுக்காக இறுக்கு, மறுபடி அமத்து. முன்பக்கம் ஒரே மூச்சில், அவசரமில்லாமல் எழும்பி, எழும்பிய இடத்திலேயே அசையாமல் நிற்கும்வரை செய்து பார்.